ராக்கெட் பிடிக்கும் கை பெருத்து மறுகை மெலிந்திருந்தால்: அளப்பதும் சீர்செய்வதும்

ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றில் கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கங்களில் திறந்தவெளியில் இறகுப்பந்து ஆட வழியில்லை. அதனால் இந்தப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஷட்டில் கோர்ட்டுகள் பெருகிவிட்டன. விடியற்காலையில் வேலைக்குப் போகும் முன் வந்து ஆடுகிறவர்களும், மாலையில் பயிற்சிக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளும் மழை, காற்று பாராமல் ஆண்டு முழுவதும் அங்கே ஆடுகிறார்கள். அப்படி ஆண்டுக்கணக்கில் ஒரே கையால் ஆடும்போது, ஒரு கட்டத்தில் முன்கையும் புஜமும் ஒருபக்கம் மட்டும் திரண்டு நிற்பது கண்ணில் படுகிறது. கோர்ட்டுக்குப் பிள்ளையை அழைத்துவரும் தாய்மார் பயிற்சியாளரிடம், "ஏனுங்க, பையனுக்குச் சோத்தாங்கை மட்டும் பெருத்துக்கிட்டே போகுதுங்க, ஆட்டத்த நிறுத்திப் போடலாமுங்களா?" என்று கவலையோடு கேட்பது வழக்கமாகிவிட்டது.

நிறுத்த வேண்டியதில்லை. ஆடும் கையைச் சிறுக்க வைக்க முயல்வதும் தவறு. செய்ய வேண்டியவை மூன்று: கைகளில் தெரியும் வேறுபாடு ஆட்டத்தால் வந்ததுதானா என்று உறுதி செய்துகொள்வது, இரு தோள்களின் பின்புறத்தையும் ஒழுங்குபடுத்துவது, ஆடாத கையைப் பொறுமையாக வலுவாக்குவது. கையின் சுற்றளவைவிடத் தோளின் நிலையே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. புஜத்தில் ஒரு சென்டிமீட்டர் கூடக்குறைய இருப்பதால் யாருக்கும் கேடில்லை. தோள் கோணினால் வலியும் காயமும் பின்னாலேயே வரும்.

ஏன் இப்படி ஆகிறது

தசை தனக்கு வரும் இழுவிசைக்கு ஏற்பத் தன்னைத் தடிக்கச் செய்துகொள்கிறது. இழுவிசை வராத தசை இருந்தபடியே இருக்கிறது. டென்னிஸ் வீரர் ரஃபேல் நடால் எழுதுவது வலது கையால், ஆடியது இடது கையால். அவருக்குப் பெருத்திருப்பது இடது புஜம். பிறவியில் எந்தக் கைப்பழக்கம் என்பதைவிட, எந்தக் கை ஆடுகிறது என்பதே கணக்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். 1962லும் 1969லும் நான்கு பெரிய டென்னிஸ் பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்ற ராட் லேவரின் இடது முன்கை, வலது முன்கையைவிடப் பருத்திருந்ததும் டென்னிஸ் உலகம் அறிந்ததே.

எந்த ஆட்டம் என்பதைப் பொறுத்தும் அளவு மாறும். இறகுப்பந்தின் எடை 5 கிராம் அளவுதான். பூப்பந்தாட்டத்தின் கம்பளிப் பந்து 27, 28 கிராம். டென்னிஸ் பந்து 56 முதல் 59 கிராம் வரை. பந்தின் எடை கூடக்கூட, அடிக்கும் கணத்தில் கை தாங்க வேண்டிய அதிர்வும் கூடுகிறது. ஆகவே டென்னிஸ் ஆடுபவருக்குப் புஜம், முன்கை இரண்டுமே தெளிவாகப் பெருக்கும். ஷட்டில் ஆடுபவருக்குப் பெரும்பாலும் முன்கையிலும் தோளிலும்தான் வேறுபாடு தெரியும். தசை மட்டுமன்றி எலும்பும் தடிக்கிறது. பின்லாந்தில் டென்னிஸும் ஸ்குவாஷும் ஆடிய பெண்களை ஆராய்ந்தபோது, பூப்பெய்துவதற்கு முன்னரோ அந்த வயதிலோ ஆடத் தொடங்கியவர்களுக்கு, வயது வந்து வெகுகாலம் கழித்துத் தொடங்கியவர்களைவிட, இரு கை எலும்புகளுக்கிடையிலான வேறுபாடு இரண்டு முதல் நான்கு மடங்கு வரை மிகுந்திருந்தது. சிறுவயதில் தொடங்கியவருக்கு இரு கைகளும் ஒருபோதும் அச்சு அசலாக ஒத்துப்போகாது என்பதற்கு இதுவும் காரணம். அதை ஏற்றுக்கொண்டு பயிற்சியைத் தொடங்குவதே நல்லது.

பயிற்சிக்கு முன், இது ஆட்டத்தால் வந்ததுதானா?

இந்தப் பகுதியை யாரும் தாண்டிச் செல்லக் கூடாது. ஒரு கை மற்றதைவிடச் சிறுத்துத் தெரிந்தால், பெரிய கை வளர்ந்திருக்கலாம், அல்லது சிறிய கை தேய்ந்திருக்கலாம். முன்னது இயல்பு; பின்னது நோய்.

ஹிராயாமா நோய் என்று ஒன்று உண்டு. ஜப்பானிய மருத்துவர் ஹிராயாமா 1959இல் விவரித்த இந்நோய் ஜப்பானிலும் இந்தியாவிலும் பிற நாடுகளைவிட அதிகமாகக் காணப்படுகிறது. பெரும்பாலும் பதின்ம வயதின் நடுவிலிருந்து இருபதுகளின் தொடக்கம் வரையுள்ள ஆண்பிள்ளைகளைத் தாக்குகிறது. கழுத்தைக் குனியும்போது தண்டுவடம் முன்புறமாக அழுந்தி, கையை இயக்கும் நரம்புச் செல்கள் சிறிது சிறிதாகப் பழுதாவதால் ஒரு பக்கத்து உள்ளங்கையும் முன்கையும் மெலிகின்றன. வலி பெரும்பாலும் இராது, மரத்துப்போவதும் அரிது. அதனால்தான் வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. பெருவிரலின் அடிமேடு தட்டையாகிறது, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட சதை குழிவிழுகிறது, முன்கையின் சுண்டுவிரல் பக்கம் சூம்புகிறது. ஆனால் முழங்கையிலிருந்து பெருவிரல் பக்கமாக இறங்கும் தசை மட்டும் முழுமையாக நிற்பதால் முன்கை சாய்வாகச் சீவியதுபோல் தோன்றும். மார்கழிக் குளிரில் சட்டைப் பொத்தான் போட விரல்கள் ஒத்துழைக்காமல் போவதும், விரல்களை நீட்டும்போது நடுங்குவதும் இதன் அடையாளங்கள். ஷட்டில் ஆடும் பதினேழு வயதுப் பையனுக்கு ஆடாத கையில் இது வந்தால், "ஆடுகிற கை வளர்ந்துவிட்டது" என்று எல்லோரும் சமாதானம் சொல்லிவிடுவார்கள். தொடக்கத்திலேயே நரம்பியல் மருத்துவரிடம் காட்டி, கழுத்தைக் குனிந்த நிலையில் வைத்து எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்டறிந்துவிட்டால், கழுத்துப்பட்டை அணிவதன் மூலமே பலருக்கு நோய் மேலும் பரவாமல் தடுக்க முடிகிறது. காலம் கடத்தினால் போன தசை திரும்புவது கடினம்.

இரண்டாவது, ஆடும் கையில் வருவது. கடுமையாக ஆடிய ஓரிரு நாளில் கை முழுவதும் வீங்கி, கனத்து, நீலம் பாய்ந்து, தோளிலும் மார்பின் மேற்பகுதியிலும் பச்சை நரம்புகள் புடைத்துத் தெரிந்தால் அது தசை வளர்ச்சி அன்று. காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையே நசுங்கும் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்திருக்கலாம். உறைந்த இரத்தம் நுரையீரலுக்குச் செல்லும் அபாயம் உள்ளதால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தைலம் தேய்ப்பதும் நீவிவிடுவதும் கூடாது.

மூன்றாவதாக, கையைத் தலைக்கு மேல் தூக்கி அடிக்கும் ஆட்டங்களில், குறிப்பாக வாலிபால் ஆடுபவர்களிடம், ஆடும் பக்கத்துத் தோள்பட்டை எலும்பின் பின்புறத்தில் குழி விழுவதுண்டு. அங்கே ஓடும் நரம்பு அழுந்துவதே காரணம். கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் வலி, விரல் மரத்துப்போதல், பிடித்த பொருள் நழுவுதல் ஆகியவை இருந்தாலும் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் டம்பெல்லைத் தொட வேண்டும்.

அளப்பது எப்படி

திருப்பூர்ப் பக்கம் இஞ்சு டேப் இல்லாத வீடு அரிது, அது போதும். காலையில், ஆட்டத்துக்கு முன், கையைத் தளரத் தொங்கவிட்டு அளக்க வேண்டும். ஆடி முடித்த கையில் இரத்த ஓட்டம் மிகுந்திருப்பதால் அப்போது எடுக்கும் அளவு பொய் சொல்லும். தோளின் நுனி எலும்புக்கும் முழங்கை முனைக்கும் சரிபாதியில் புஜத்தின் சுற்றளவையும், முழங்கைக்குக் கீழே மிகப் பருத்த இடத்தில் முன்கையின் சுற்றளவையும் எடுத்து, இரு கைக்கும் எழுதி வையுங்கள். டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. ஒவ்வொரு முறையும் ஒரே ஆள் அளப்பது நல்லது. மாதம் ஒருமுறைக்கு மேல் அளப்பதில் பயனில்லை.

சுற்றளவோடு வலுவையும் பார்க்க வேண்டும். வலதுகைப் பழக்கமுள்ளவர்களுக்கு எந்த விளையாட்டும் ஆடாவிட்டாலும் வலது பிடி சுமார் 10 சதவீதம் வலுவாக இருப்பது இயல்பு. ஆகவே அந்த அளவு வேறுபாட்டைக் குறையாக எண்ண வேண்டாம். ஒரே எடையுள்ள டம்பெல்லை ஒவ்வொரு கையாலும் பெஞ்சில் சாய்ந்து இழுத்து, ஒழுங்கு குலையும் வரை எத்தனை முறை இழுக்க முடிகிறது என்று எண்ணுங்கள். வலது கை 14, இடது கை 8 என்று வந்தால் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. கடைசியாக, சட்டையைக் கழற்றிவிட்டு முதுகுப் பக்கமிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். ஆடும் பக்கத்துத் தோள் தாழ்ந்து தெரிவது ராக்கெட் ஆட்டக்காரர்களிடம் மிகச் சாதாரணம். ஆனால் கையை மெல்லத் தூக்கி இறக்கும்போது ஒரு பக்கத்துத் தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பு இறக்கைபோல் மேலெழும்பினால், அந்தப் பக்கம் அதைப் பிடித்து நிறுத்தும் தசைகள் தளர்ந்துவிட்டன என்று பொருள்.

முதலில் தோள்

ஆண்டுக்கணக்கில் ஸ்மாஷ் அடித்த தோள் பின்னோக்கி அதிகமாகவும் உள்நோக்கிக் குறைவாகவும் சுழலப் பழகிவிடுகிறது. இதைச் சோதிக்க மல்லாந்து படுத்து, புஜத்தைத் தோள் மட்டத்தில் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, விரல்கள் கூரையைப் பார்க்கும்படி வையுங்கள். தோள் தரையிலிருந்து எழும்பாதபடி வேறொருவர் மெல்லப் பிடித்துக்கொள்ள, முன்கையை முதலில் கால் பக்கமாகவும், பிறகு தலைப் பக்கமாகவும் சாயவிட்டு, எதுவரை போகிறது என்று பாருங்கள். கால் பக்கமாகச் சாய்வது ஆடும் கையில் குறைந்து, தலைப் பக்கமாகச் சாய்வது அதே அளவு கூடியிருந்தால், மொத்தச் சுழற்சி சமமாகவே இருக்கிறது. அது ஆட்டத்துக்கான தகவமைப்புதான். மொத்தமே குறைந்திருந்தாலோ, உட்சுழற்சி, அதாவது கால் பக்கமாகச் சாய்வது, மறு தோளைவிட ஏறத்தாழ 20 பாகை குறைந்திருந்தாலோ, தோளின் பின்பகுதி இறுகிவிட்டது. அதற்கு, ஆடும் கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து மறுகையால் அணைத்து, தோள்பட்டை நகராமல் 30 விநாடி நிறுத்துவதை ஆட்டத்துக்குப் பின் மூன்று முறை செய்தால் போதும். சுருக்கென்று தோளின் முன்புறம் வலித்தால் அந்த நிலையை விட்டுவிடுங்கள். இழுவை பின்புறத்தில்தான் உணரப்பட வேண்டும்.

இதனோடு, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து ரப்பர் பேண்டை வெளிப்பக்கமாக இழுக்கும் பயிற்சியும், பேண்டை முகத்தை நோக்கி இழுத்துத் தோள்பட்டைகளைப் பின்னால் நெருக்கும் பயிற்சியும் இரு பக்கங்களுக்கும் சமமாகத் தேவை. இவற்றில் எடை முக்கியமில்லை, நிதானமே முக்கியம். 15 முறை மெல்ல இழுத்து மெல்ல விட வேண்டும். ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள் கண்ணாடியில் தெரியும் மார்பையும் புஜத்தையும் மட்டும் உழைக்க வைத்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்வது, ஒரு நாளைக்குப் பத்து நிமிடம்தான் இருக்கிறதென்றால் அந்தப் பத்து நிமிடத்தையும் இதற்கே கொடுங்கள் என்பதுதான்.

ஆடாத கையை வளர்ப்பது

இரு கைகளாலும் சேர்ந்து தூக்கும் பார்பெல்லைச் சில மாதங்களுக்கு ஒதுக்கி வையுங்கள். காங்கேயம் காளை ஒன்றும் சோனி மாடு ஒன்றும் பூட்டிய வண்டி ஓடத்தான் செய்யும், ஆனால் பாரத்தை இழுப்பது எது என்று வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. பார்பெல்லில் நடப்பதும் அதுவே. ஒவ்வொரு கைக்கும் தனித்தனி டம்பெல் என்றால் மறைக்க இடமில்லை.

விதி எளியது. ஒவ்வொரு பயிற்சியையும் வலுக்குறைந்த கையிலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் கை ஒழுங்கு கெடாமல் எத்தனை முறை செய்கிறதோ, அத்தனை முறையோடு வலுவான கையும் அதே எடையில் நிறுத்திக்கொள்ள வேண்டும், இன்னும் பத்து முறை செய்ய முடிந்தாலும் சரி. மூன்று செட் முடிந்தபின் வலுக்குறைந்த கைக்கு மட்டும் ஒரு செட் கூடுதலாகக் கொடுக்கலாம். ஒன்றுக்கு மேல் வேண்டாம்; ஆர்வத்தில் இரட்டிப்பாக்கியவர்களுக்கு முழங்கை வலிதான் மிச்சமாகிறது. எட்டு முதல் பன்னிரண்டு முறை செய்யக்கூடிய, இன்னும் இரண்டு முறை மிச்சம் வைக்கக்கூடிய எடையே சரியான எடை. மூன்று செட்டிலும் பன்னிரண்டு சுலபமாக வரத் தொடங்கியபின் எடையை ஒரு கிலோ கூட்டலாம். பல ஜிம்களில் அடுத்த டம்பெல் இரண்டரைக் கிலோ தாண்டித்தான் இருக்கும். அப்போது எடையைக் கூட்டாமல் எண்ணிக்கையைப் பதினைந்து வரை கொண்டுபோய்விட்டுப் பிறகு மாறுவது பாதுகாப்பானது.

வாரம் இரண்டு நாள், கடுமையான ஆட்டம் இல்லாத நாட்களில் செய்தால் போதும். பெஞ்சில் ஒரு கை ஊன்றி மறுகையால் டம்பெல்லை இடுப்பை நோக்கி இழுப்பது, தரையில் மல்லாந்து படுத்து ஒற்றைக் கையால் மேலே தள்ளுவது, பெருவிரல் மேலே பார்க்கும்படி டம்பெல்லைப் பிடித்து முழங்கையை மடக்குவது, மணிக்கட்டை மேலும் கீழும் மடக்குவது ஆகியவை அடிப்படை. மணிக்கட்டுப் பயிற்சியில் புறங்கை மேலே இருக்கும்படி செய்வதை விட்டுவிடாதீர்கள். ராக்கெட்டை இறுகப் பிடிப்பவர்களுக்கு வரும் முழங்கை வெளிப்பக்க வலியைத் தடுப்பதில் அந்தத் தசைகளுக்கே பெரும் பங்கு. அதோடு, ஒரு கையில் மட்டும் தண்ணீர் நிரப்பிய பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு உடல் சாயாமல் களத்துமேட்டில் நாற்பது ஐம்பது அடி நடந்து திரும்புவது பிடியையும் தோளையும் இடுப்பையும் ஒருங்கே வலுவாக்கும். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் எடைக்கணக்கும் எளிது.

டம்பெல்லை இழுக்கும்போது ஆடாத கையைக் கூர்ந்து பாருங்கள். முதல் ஆறு முறை ஒழுங்காக வரும். ஏழாவதில் தோள் காதை நோக்கி ஏறும். எட்டாவதில் மணிக்கட்டு உள்ளே மடங்கி, கழுத்தின் பக்கத்துத் தசை விறைக்கும். ஒன்பதாவதில் இடுப்பு திரும்பி, முதுகே எடையைத் தூக்கிவிடும். எண்ணிக்கை ஒன்பது என்று நோட்டில் எழுதப்படும், உண்மையில் அந்தக் கை செய்தது ஆறுதான். தோள் ஏறத் தொடங்கும் இடமே அன்றைய எல்லை.

வலுவான கைக்கு முற்றிலும் ஓய்வு கொடுத்துவிட்டு மறுகைக்கு மட்டும் பயிற்சி கொடுப்பதும் பயன் தராது. ஒரு கைக்குப் பயிற்சி கொடுத்தால் பயிற்சி பெறாத மறுகையும் ஓரளவு வலுவடைகிறது என்பதை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்கிரிப்சர் 1894லேயே காட்டியிருக்கிறார். மூளையும் நரம்பும் கற்றுக்கொள்வது இரு பக்கங்களுக்கும் பொதுவாகிறது. தசையின் பருமன் அப்படிக் கடந்து போவதில்லை. அதற்கு அந்தந்தக் கையே உழைத்தாக வேண்டும்.

கர்லாக்கட்டை சுற்றத் தெரிந்த பெரியவர் ஊரில் இருந்தால் அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். இலேசான கட்டையில் தொடங்கி இரு கைக்கும் சம சுற்று என்ற ஒழுங்கோடு செய்தால் தோளின் எல்லாத் திசை இயக்கமும் சீராகும்.

பிள்ளைகளுக்கு

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு எடை தூக்கி ஒரு கையைப் பெருக்கும் பயிற்சி தேவையே இல்லை. ஆண்டு முழுவதும் ஒரே ஆட்டம் என்ற முறையை மாற்றி, கோடை விடுமுறையில் கிணற்றிலோ குளத்திலோ பெரியவர் துணையோடு நீச்சல், இரு கைகளும் மாறி மாறி வேலை செய்யும் சிலம்பம், கம்பியில் தொங்குதல், தண்டால் ஆகியவற்றைச் சேர்த்தால் உடல் தானாகச் சமன்படும். பிள்ளை குனிந்து நிற்கும்போது முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால், அதை ஆட்டத்தின் மேல் போட்டுவிடாமல் முதுகெலும்பு வளைவு இருக்கிறதா என்று எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உணவும் காலமும்

தசை வளரப் புரதம் வேண்டும். பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை கிராம் புரதம் என்பது நல்ல இலக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 90 கிராம். நம் பக்கத்துச் சமையலில் இதற்கு வழி இருக்கிறது: நூறு கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம், நூறு கிராம் நிலக்கடலையில் 25 கிராம், நாமக்கல்லிலிருந்து வரும் முட்டை ஒன்றில் 6 கிராம். ஆனால் அரிசியும் பருப்பும் சாதத்தில் அரிசி மிகுந்து பருப்பு பேருக்குக் கிடந்தால் கணக்கு எட்டாது. பருப்பைக் கூட்டுங்கள், கொள்ளுப் பருப்பைக் கடைந்து வாரம் மூன்று நான்கு நாளாவது சேர்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே புரதத்தைக் கூட்ட வேண்டும்.

முதல் சில வாரங்களில் ஆடாத கையின் வலு விரைவாகக் கூடும், அளவு கூடாது. அது நரம்புகளின் பழக்கம். டேப்பில் மாற்றம் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம். இழுக்கும் எண்ணிக்கையில் இடைவெளி இரண்டுக்குள் வந்ததும் கூடுதல் செட்டை நிறுத்திவிட்டு, இரு கைக்கும் சமமாக வாரம் ஒரு நாளாவது தொடருங்கள். போட்டிகள் நெருங்கும் வாரங்களில் எடையைப் பாதியாக்கி, தோளுக்கான பேண்டு பயிற்சியை மட்டும் குறைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பழைய அளவுக்குத் திரும்புவதைப் போட்டி முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.